ஒரு கொளஞ்சியும் பதினோரு கேட் பாஸும்

அத்தியாயம் 9

குற்றவாளியைக் கண்டுபிடித்து, புகாரை எழுதி, ஃப்ளெக்ஸும் அடித்து முடித்த பிறகுதான் வீரமணிக்குத் துப்பறிவாளர் ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

ஃப்ளெக்ஸ் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க நின்றது. ‘சைபர் தாக்குதலை முறியடித்த செயல்வீரர்’ என்று சிவப்பில் எழுதி, நடுவில் கைகட்டிய வீரமணி. தாக்குதல் இன்னும் முறியவில்லை. மாலை நாலு மணிக்கு நிருபர்கள் வந்ததும் முறிந்துவிடும் என்று ஏற்பாடு.

மணிமொழி பெரம்பலூரிலிருந்து அரியலூர் வந்து சேரும்போது காலை பத்தரை. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக லாரி விபத்துகளை விசாரித்து, லாரிக்காரர்களின் பொய்களில் பட்டம் வாங்கியவள். பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். உதவிக்கு பூவரசன். அவன் கார் ஓட்டுவான், டைப் அடிப்பான், கேட்காமலே கருத்துச் சொல்வான்.

வீரமணி எழுந்து வந்து பூவரசனுக்குக் கை கொடுத்தார். “உக்காருங்க சார். உங்களப் பத்தி நெறய கேள்விப்பட்டிருக்கேன். இந்தம்மா நோட்ஸ் எடுக்கறவங்களா?”

பூவரசன் நாற்காலியை மணிமொழி பக்கம் நகர்த்தினான். “நான் டிரைவருங்க. நீங்க கேள்விப்பட்டது இவங்களப் பத்தி. இருந்தாலும் கை கொடுத்ததுக்கு நன்றி, எனக்கு யாரும் கொடுக்கறதில்ல.”

மணிமொழி சிரிக்கவில்லை. உட்கார்ந்தாள். உட்காரும்போதே இந்த ஆளை எங்கே வைப்பது என்று மனசுக்குள் ஓர் இடம் ஒதுக்கிவிட்டாள்.

விஷயம் இதுதான். ஐம்பத்திரண்டு லாரிகள், சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்கு லோடு அடிக்கின்றன. மூன்று மாதம் முன்புவரை அதற்குப் பெயர் வீரமணி லாரி செட். இப்போது வி.எம். குளோபல் லாஜிஸ்டிக்ஸ். குளோபல் என்பது ஜெயங்கொண்டம் வரைக்கும். சென்னைக் கம்பெனி ஒன்றிடமிருந்து ஆன்லைன் சேவை வாங்கியிருந்தார்கள். லாரி, டிரைவர், லோடு, ஆலைக்குள் போக கேட் பாஸ், எல்லாம் இனிமேல் இணையத்தில். டிரைவரின் போனுக்கே பாஸ் வந்துவிடும்.

அதற்கு முன்னால் அந்த வேலையெல்லாம் கலையரசி என்ற ஒருத்தியிடம் இருந்தது. ஒரு போன், ஒரு கரும்பலகை, பத்தொன்பது வருஷம். சேவையின் துவக்க விழாவன்று அவளை மேடைக்கு அழைத்து, சால்வை போட்டு, வேலையை விட்டு அனுப்பியதை வீரமணி பெருமையாகச் சொன்னார். மைக்கில், “பத்தொம்பது வருஷமா இந்தம்மா கத்துன கத்துக்கு இன்னையோட ஓய்வு, நம்ம காதுக்கும் ஓய்வு” என்றாராம். கூட்டமே சிரித்ததாம். அந்தம்மாவும் சிரித்தார்களாம்.

“அப்பவே நீங்க பயந்திருக்கணும்” என்றான் பூவரசன்.

சுவரில் இன்னொரு பலகை இருந்தது. ‘ஆன்லைன் சேவைக்கு மாறும் நிறுவனம் பெற வேண்டிய ஏழு திறன்கள்.’ தலைமை, தொலைநோக்கு, துணிவு, வேகம் என்று போய், ஏழாவதாக மறுபடியும் தலைமை. அதை எழுதியவன் அறிவரசன். வீரமணியின் அக்கா மகன், பதவி ‘டிரான்ஸ்ஃபர்மேஷன் ஹெட்’. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பதினாறு பேர் வேலை பார்க்கும் ஆபீசில் அவன் யாரென்று தெரியாதவர்கள் யாருமில்லை, இருந்தாலும் தொங்கியது.

பயிற்சி யாருக்குக் கொடுத்தீர்கள் என்று மணிமொழி கேட்டாள். திருச்சி ஹோட்டலில் இரண்டு நாள் நடந்ததாம். வீரமணி, அவர் மனைவி, அறிவரசன், குடும்ப ஜோசியர் ஆகியோர் பயின்றார்கள். டிரைவர்களைக் கூப்பிடவில்லை, வண்டி ஓடவேண்டும். கலையரசியையும் கூப்பிடவில்லை, போனை யார் எடுப்பது?

தாக்குதல் திங்கட்கிழமை நடந்தது. காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் ஒரே ஒரு டிரைவர், ஒரே போனில் பதினோரு லாரிகளுக்கான கேட் பாஸுடன் நின்றான். பேர் கொளஞ்சி. மீதிப் பத்து லாரிகளுக்கு பாஸே வரவில்லை. மோசடி என்று நினைத்த காவலர்கள், கம்பெனியின் மொத்த வண்டிகளையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். இன்று வெள்ளி. ஐந்து நாளாக ஒரு சக்கரம் உருளவில்லை.

“இந்த கொளஞ்சிதான் கூட்டாளி” என்று அறிவரசன் லேப்டாப்பைத் திருப்பினான். “திங்கக்கிழமையிலேருந்து எனக்குப் போன் பண்ணி டார்ச்சர் மேம். ‘கொளஞ்சி பேசுறேன், எனக்கு பாஸ் வரல’ம்பான். கட் பண்ணா வேற நம்பர்லேருந்து மறுபடியும் ‘கொளஞ்சி பேசுறேன்’. பத்து சிம் வெச்சிருக்கான். எல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டேன்.”

“குரலு ஒரே மாதிரி இருந்துச்சா?”

“குரல மாத்திப் பேசுறான் மேம். ப்ரொஃபஷனல்.”

பூவரசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மணிமொழி அவன் செருப்பை மிதித்தாள்.

அறிவரசனிடம் மிச்சமிருந்த சாட்சி ஒன்றுதான், ஆனால் பலமானது. சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு யாரோ உள்ளே புகுந்து பத்துப் பதிவுகளை அழித்திருக்கிறார்கள். உள்ளே புகுந்தவர் பெயர் என்று சேவையே காட்டியது: கலையரசி. சைபர் கிரைம் போலீசுக்கு ஆன்லைனில் புகார் தயார். இணைப்பாகத் துப்பறிவாளரின் அறிக்கை ஒன்று இருந்தால் கைது அன்றே நடக்கும், நிருபர்களுக்கும் போட்டோ கிடைக்கும்.

“நாலு மணிக்குள்ள உங்க கையெழுத்தோட வேணும். பக்கம் கொஞ்சம் நெறய இருந்தா பாக்க நல்லாருக்கும்” என்றார் வீரமணி, பூவரசனைப் பார்த்து.

அந்தப் பத்து எண்களை எழுதி வாங்கிக்கொண்டு மணிமொழி எழுந்தாள்.

காரில் ஏறியதும் பூவரசன் வெடித்தான். “அக்கா, எங்க தெருவுலயே நாலு கொளஞ்சி இருக்காங்க. இந்தப் பக்கம் கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தது பூராவும் கொளஞ்சிதான். இவன் ஒருத்தன்னு நெனச்சிருக்கானே, எந்த ஊருல படிச்சான்?”

“நெனச்சது அவனா, அந்தம்மாவா? அதான் கேள்வி. ஒவ்வொண்ணா போடு.”

முதல் எண்ணை எடுத்தவர் இருமினார். கொளஞ்சி பேசுறேன், எந்த கொளஞ்சியா, அரும்பாவூர் கொளஞ்சி. இரண்டாவது எண்ணில் கணீரென்ற குரல், செந்துறை கொளஞ்சி. மூன்றாவது ஆள் மீசை கொளஞ்சி என்று சொல்லிக்கொண்டார். நான்காவதாக எடுத்தது மனைவி. அவர் சாப்பிடுகிறார், சாப்பிடும்போது எந்த ஆபீசுக்காரனும் பேசக்கூடாது என்று வைத்துவிட்டாள். ஏழாவது வந்தபோது பூவரசன் தானாகவே, “வணக்கங்க கொளஞ்சி, நீங்க எந்த அடையாளம்?” என்று கேட்க ஆரம்பித்திருந்தான்.

பத்தும் பத்து ஆட்கள். அவர்கள் பதிவு அழிந்ததும், பத்து பாஸும் மிச்சமிருந்த ஒரே கொளஞ்சியின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் மணிமொழி கவனித்தது வேறு. மனைவியைத் தவிர மீதி ஒன்பது போனிலும் பின்னால் ஒரே இரைச்சல், மெஷின் ஓடுகிற இரைச்சல். எங்கே இருக்கிறீர்கள் என்று மீசையிடம் கேட்டதற்கு மறைக்காமல் சொன்னார். பெரம்பலூரில், துறையூர் ரோட்டு மக்காச்சோள குடோனில். அவனவன் லாரி அரியலூரில் முடங்கிக் கிடக்க, பத்துப் பேரும் அடுத்தவர் வண்டிகளுக்கு ஆக்டிங் டிரைவராக சோளம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்கள். ஏற்பாடு செய்தது யார்?

“கலையக்காதான். வேற யாருக்கு எங்க பத்துப் பேரையும் தெரியும்?”

பூவரசன் விசில் அடித்தான். “திங்கக்கிழம வேல போவுது, செவ்வாக்கிழம வேற வேல ரெடி. நமக்கே அந்தம்மா மேல சந்தேகம் வருதே அக்கா.”

மணிமொழி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பத்தொன்பது வருஷம் பதினோரு கொளஞ்சிகளைப் பிரித்துப் பிரித்து வேலை வாங்கியவளுக்கு அவர்களை ஒருவனாகப் பார்க்க வராது. அழித்தவன் அவர்கள் ஒருவனே என்று உண்மையாக நம்பியவன். அதுவரைக்கும் கணக்கு நேர். ஆனால் மறுநாளே மாற்று வேலை? அது முன்கூட்டியே தெரிந்தவள் செய்கிற காரியம். புறப்படச் சொன்னாள்.

குடோனில் எடைமேடைக்குப் பக்கத்து அறையில் கலையரசி இருந்தாள். நாற்பத்தைந்து வயது, காதில் ஒரு போன், கையில் ஒரு போன், சோளத் தூசு படிந்த முடி. திருமானூர்க்காரி. பேச்சு நின்றால் லாரி நின்றுவிடும் என்பதுபோல் பேசுகிறவள். மணிமொழி யார் அனுப்பி வந்திருக்கிறாள் என்று கேட்டதும் இரண்டு போனையும் மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாரா?”

“நாலு மணிக்கு.”

“நல்லது. தடுத்துடாதீங்க மேடம்.”

மணிமொழி எதிர்பார்த்த வாக்கியம் அது இல்லை. காப்பாற்ற வந்த இடத்தில் கைது செய்யச் சொல்லிக் கேட்கிறாள் ஒருத்தி. அவளைப் பேசவிட்டாள்.

சேவை வாங்கிய அன்று சென்னைக்காரர்கள் ஒரு போன் எண் கேட்டார்களாம். முக்கியமான எந்த மாற்றம் செய்தாலும் அந்த எண்ணுக்கு ஒரு செய்தி வரும், அதிலுள்ள நாலு இலக்கத்தைச் சொன்னால்தான் மாற்றம் நடக்கும். என் நம்பருக்குக் கண்ட மெசேஜும் வரும், அந்தம்மா நம்பரைப் போடு என்றிருக்கிறார் வீரமணி. வேலையை விட்டு அனுப்பியபோது ஆளைத்தான் அனுப்பினார்கள், எண் அங்கேயே இருந்தது. அறிவரசனுக்கு எண்ணை மாற்றவும் தெரியவில்லை, தன் பேரில் ஒரு கணக்குத் தொடங்கவும் தெரியவில்லை. சென்னைக்கு எழுதிக் கேட்டால் தெரியாதென்பது தெரிந்துவிடும். ஆகவே மூன்று மாதமாக அவன் அவள் பேரிலேயே உள்ளே போய், ஒவ்வொரு தடவையும் அவளுக்கே போன் போட்டு நாலு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

“வேலய வுட்டுத் தொரத்துனவங்களுக்குத் தெனம் சாவி எடுத்துக் குடுத்திட்டிருந்தேன் மேடம். பாவம் லாரி ஓடணுமேன்னு.”

“சனிக்கிழம?”

கலையரசி போனை எடுத்துத் தட்டினாள். லாரி செட்டில் போன் பேசுகிற யாரும் எல்லா அழைப்பையும் பதிவு செய்து வைப்பார்கள். நீங்கதான் அந்த கேட்டுக்குப் போகச் சொன்னீங்க என்று மறுநாள் டிரைவர் சாதிக்கும்போது போட்டுக் காட்ட வேண்டுமே. பதிவிலிருந்து அறிவரசனின் குரல் வந்தது. நம்பர் வந்திருக்கா, சீக்கிரம் சொல்லு என்றது அது. தொடர்ந்து கலையரசியின் குரல்: “சார், பத்துப் பேர எடுத்துடப் போறதா வந்திருக்கு. கொளஞ்சின்னு. அதுல வந்து—”

“டேட்டா க்ளீனிங் பண்றேன். ஒரே ஆளு பத்து நம்பர் மாத்தியிருக்கான். உனக்கு அதெல்லாம் புரியாது, நம்பர மட்டும் சொல்லு.”

அப்புறம் ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல். அதற்கப்புறம் கலையரசி நிதானமாக, “நாலு, நாலு, ஒண்ணு, ஏழு” என்றாள்.

மணிமொழி மறுபடி போடச் சொன்னாள். இந்த முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் முடித்ததற்கும் அவள் தொடங்கியதற்கும் நடுவில் ஆறு நொடி.

“இந்த ஆறு நொடியில என்ன யோசிச்சீங்க?”

கலையரசி அவளை நேராகப் பார்த்தாள். “சால்வய.”

 வெளியே சோளம் கொட்டிக்கொண்டிருந்தது.

“எம்புருசன் செத்த பதினேழாம் நாளு நான் போன எடுத்தவ மேடம் அந்த செட்டுல. எம்பொண்ணுக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரி வராண்டாவுலேருந்து லோடு சொன்னேன். அத்தன பேரு முன்னாடி என்னக் கத்துறவன்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். பொறவு மணவாளநல்லூரு போயி கொளஞ்சியப்பருகிட்ட அவரு மேல பிராது சீட்டு எழுதிக் கட்டுனேன். சாமி நியாயம் சொல்லத் தொண்ணூறு நாளு கெடு. எண்பத்தாறாவது நாளு இந்தப் பய போன் பண்றான், பத்துக் கொளஞ்சியத் தூக்கப்போறேன், நம்பர் குடுன்னு. சாமியே லைன்ல வந்த மாதிரி இருந்துச்சு.”

“எங்க சாமியோட சொந்தப் பேருலயே கைய வெச்சிருக்கான்” என்று முணுமுணுத்தான் பூவரசன்.

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பத்துப் பேர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையே குடோன்காரரிடம் பேசி வைத்தாள். இனி வீரமணி புகார் கொடுக்க வேண்டும். பொய்ப் புகார், அவர் கையெழுத்தோடு, நிருபர்கள் முன்னால். போலீஸ் அவளைக் கூப்பிட்டதும் இந்தப் பதிவை அங்கேயே போடுவாள். அவள் காத்திருப்பது அதற்குத்தான்.

“அவரு என்கிட்ட வேல குடுத்தவரு” என்றாள் மணிமொழி. “நான் கண்டத முழுசா எழுதி அவரு கையிலதான் குடுக்கணும். இந்தப் பதிவையும் சேத்து.”

கலையரசியின் முகம் மூடிக்கொண்டது. “எழுதிக் குடுத்தா உஷாராயிடுவாரு. கம்ப்ளெயின்ட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, அந்தப் பயல நாலு திட்டு திட்டிட்டு, பெரிய மனுசனாவே இருந்துக்குவாரு. நீங்களும் அவங்க ஆளுதான்.” கவிழ்த்து வைத்த போன்களை நிமிர்த்திக்கொண்டாள். பேச்சு முடிந்துவிட்டது.

பதிவின் ஒரு நகலை மட்டும் வாங்கிக்கொள்ள அனுமதித்தாள். அதுவும் போலீஸ் கேட்டால் இரண்டு இடத்தில் இருக்கட்டும் என்பதற்காக.

பெரம்பலூர் பாலக்கரை பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிமொழி சொல்லச் சொல்ல பூவரசன் அடித்தான். ஆறு பக்கம். கொளஞ்சிகள் பதினோரு பேர், தந்தை பெயரோடு. யார் எண்ணைக் கொடுக்கச் சொன்னது, யார் பெயரில் யார் உள்ளே போனது, யார் அழித்தது. ஆறு நொடியை எழுதலாமா என்று பூவரசன் கேட்டான்.

“எழுது. ‘ஆறு நொடி மௌனம்.’ அவ்ளோதான். மௌனத்துக்கு அர்த்தம் எழுத எனக்கு ஃபீஸ் குடுக்கல.”

முடிவுரையில், நடந்தது தாக்குதல் அல்ல, நிர்வாகத்தின் அறியாமை. பொறுப்பு அறிவரசனுக்கும் அவரை மேற்பார்வையிட வேண்டிய வீரமணிக்கும் உரியது. புகார் கொடுப்பது பொய்ப் புகாராகும் என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.  தன் வேலை நேர்மையான வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அரியலூர் ஆபீசில் நுழையும்போது மூன்று ஐம்பது. மூன்று நிருபர்கள் ஃப்ளெக்ஸின் அடியில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். வீரமணி பவுடர் போட்டிருந்தார்.

“ரெடியா? எத்தன பக்கம்?”

“ஆறு. சார், அனுப்பறதுக்கு முன்னாடி இத நீங்க படிக்கணும்.”

“கையெழுத்து இருக்குல்ல?”

“இருக்கு. உங்க பேரும் இருக்கு சார் உள்ள. அதனாலதான் படிங்கங்கறேன்.”

“இருக்கணும்ல” என்று திருப்தியாகத் தலையாட்டினார் வீரமணி. நிருபர்கள் பக்கம் திரும்பி, தன் பெயர் அறிக்கையிலேயே இடம்பெற்றிருப்பதைத் தெரிவித்தார்.

மணிமொழி விடவில்லை. அறிவரசனிடம் போனாள். கடைசிப் பக்கத்தையாவது படித்துவிட்டு அனுப்பச் சொன்னாள். அவன் தாள்களை விசிறிபோல் பிரித்துப் பார்த்தான். தமிழில் பத்தி பத்தியாக இருந்ததில் முகம் சுருங்கியது. “பாயின்ட் பாயின்ட்டா ஸ்லைடு இல்லையா மேம்? சரி, ஸ்கேன் பண்ணி ஏத்திடறேன். இன்ஸ்பெக்டர் தெரிஞ்சவர், உடனே பாக்கச் சொல்லியிருக்கேன்.”

“மூணாவது தடவையா சொல்றேன். படிச்சிட்டு அனுப்புங்க.”

“தாயி, துப்பறியறது உங்க வேல. அனுப்பறது எங்க வேல” என்றார் வீரமணி. நிருபர்கள் சிரித்தார்கள். கேமரா முன்னால் அவருடைய விரலே பொத்தானை அழுத்தியது. புகார்தாரர் வீரமணி, அனுப்புநர் அறிவரசன், இணைப்பு ஆறு பக்கம். ஏற்கப்பட்டது என்று திரையில் பச்சையாக வந்ததும் கைதட்டினார்கள்.

பூவரசன் அவள் காதருகில், “அக்கா, நீங்க தடுத்தீங்கன்னு நான் எங்க வேணா சாட்சி சொல்லுவேன்” என்றான். மணிமொழி ஒரு பப்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

வீரமணி தன் தொலைநோக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆனபோது போன் வந்தது. அவர் எல்லா அழைப்பையும் ஸ்பீக்கரில்தான் எடுப்பார், வேறு மாதிரி எடுக்கத் தெரியாது.

“சார், சைபர் கிரைம். அறிவரசன்கிறது யாரு?”

“என் அக்கா மகன்தான். புகார் அனுப்புனவரு.”

“அதான் கேக்குறேன். நீங்க இணைச்ச அறிக்கையில ஆறாம் பக்கத்துல, அழிச்சது அவருதான், பொறுப்பு நீங்க ரெண்டு பேரும்னு இருக்கு. அந்தம்மா பேருல குத்தமே இல்லன்னும் இருக்கு. இத நீங்களே அனுப்பியிருக்கீங்க. எனக்கு ஒண்ணு வெளங்கல சார். இது புகாரா, வாக்குமூலமா?”

நிருபர்கள் பப்ஸைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்கள். வீரமணி ஃப்ளெக்ஸைப் பார்த்தார், அதிலிருந்த வீரமணி இன்னும் கைகட்டித்தான் நின்றார். தவறுதலாகப் போய்விட்டது, வாபஸ் வாங்குகிறேன் என்றார். முதலில் அந்தப் பதிவுகளைத் திரும்பச் சேருங்கள், அந்தம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள், பொய்ப் புகார் விஷயம் அப்புறம் பேசலாம் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் வைத்தார்.

திரும்பச் சேர்க்கவும் நாலு இலக்கம் வேண்டும். அறிவரசன் அதைச் சொல்லும்போது அவன் குரல் அடையாள அட்டைக்குள் போயிருந்தது. வேறு வழியில்லை. வீரமணி கலையரசியை அழைத்தார், நிருபர்கள் நடுவில், ஸ்பீக்கரில்.

“சொல்லுங்க சார்.”

நடந்ததை மறந்துவிடலாம், நீ நம்ம குடும்பத்தில் ஒருத்தி, இப்போது ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லிவிடு என்று வீரமணி மேடைக் குரலில் ஆரம்பித்தார். கலையரசி முழுசாகக் கேட்டாள், நடுவில் வெட்டவில்லை.

“தரேன் சார். ஒரே ஒரு கேள்வி, அதுக்கு மட்டும் பதில் சொல்லிடுங்க. நம்ம செட்டுல எத்தன கொளஞ்சி வேல பாக்குறாங்க?”

வீரமணி அறிவரசனைப் பார்த்தார். விடை தெரிந்த கேள்வி ஒன்று அன்றைக்குக் கடைசியில் வந்துவிட்ட நிம்மதியோடு அறிவரசன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான். வீரமணி கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, திரையில் இருந்ததைப் படித்தார்.

“ஒண்ணு” என்றார்.

ஸ்பீக்கரில் முதலில் மெஷின் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு ஒரு சிரிப்பு, ஓர் இருமல் கலந்த சிரிப்பு, கணீரென்று இன்னொன்று, அப்புறம் எண்ண முடியாதபடி ஆண்கள் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம். அத்தனைக்கும் மேலே ஒரு பெண் குரல், பத்தொன்பது வருஷம் லாரி விரட்டிய குரல், கத்திச் சிரித்தது. லைன் போயிற்று.

ஒரு நிருபர் பேனாவை உயர்த்தினார். “எத்தனன்னு சொன்னீங்க சார்? கரெக்டா போட்டுக்கறேன்.”